விசைப்படகை விட்டபின்: சூரைப் படகா, கடல் கூண்டா, பாசி மிதவையா?

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் இப்போது நிறைய வீடுகளில் இந்தப் பேச்சுதான் ஓடுகிறது. விசைப்படகில் இருந்த பங்கை விற்றாகிவிட்டது, அல்லது விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். கையில் சில லட்சம் இருக்கிறது. வங்கியிலோ மகளிர் குழுவிலோ இன்னும் கொஞ்சம் புரட்டலாம். பையன் வெளிநாட்டுக்குப் போகிறேன் என்கிறான், அப்பாவுக்குக் கடலை விட மனமில்லை. அந்தப் பணத்தை அடுத்து எதில் போடுவது?

மீனவக் குடும்பங்களுக்குக் கடன் மனுவும் வரவு செலவுக் கணக்கும் எழுதிக் கொடுப்பது என் வேலை. திட்ட அறிக்கை என்று கையில் வரும் தாள்களில் எல்லாம் ஒரே மாதிரி ஒரு கட்டம் இருக்கும். முதலீடு இவ்வளவு, வருஷ வருமானம் இவ்வளவு, இத்தனை வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்று போட்டிருப்பார்கள். கடலுக்கு என்ன ஆகும் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அதனால் நான் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். ஒரு கெட்ட வருஷம் வந்தால் நஷ்டம் யார் தலையில் விழும்? செய்தது தப்பு என்று தெரிந்தால், போட்டதைக் கடலிலிருந்து திரும்ப எடுக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கிற தொழிலில் வருமானம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதன் பக்கம்தான் நான் நிற்பேன்.

முதலில், எதையும் மாற்றாமல் விசைப்படகிலேயே இருந்துவிடுவது. இதையும் ஒரு வழியாக வைத்துப் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் கடைசியில் இதைத்தான் செய்கிறார்கள். இராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதி நாட்களில் டீசல், ஐஸ், ஆள் பங்கு எல்லாம் போக இறால் விழுந்தால் லாபம், விழாவிட்டால் கடன். இறால் ஏற்றுமதியில் டாலர் வரும் என்பதற்காக அரசே மானியம் கொடுத்து வளர்த்த தொழில்நுட்பம் இது. அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை. பல வீடுகள் மாடி கட்டியதும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் இந்தப் பணத்தில்தான்.

ஆனால் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழமில்லாத கடல். சராசரி ஆழம் பத்து மீட்டருக்கும் குறைவு. அடியில் கடற்புல் மேடுகள் இருக்கின்றன. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் இறால் குஞ்சு வளர்வதும் அங்கேதான். விசைப்படகு இழுத்துப் போகும் பை வலையான இழுவை மடி அந்தத் தரையை உழுதுகொண்டே போகிறது. மடியில் ஏறுவதில் பெரும்பகுதி இறால் இல்லை, சங்காயம். விரல் நீள மீன், குட்டிக் கணவாய், நண்டுக்குஞ்சு எல்லாம் சேர்ந்து காய்ந்து, கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் மூட்டையாகப் போகிறது. அடுத்த வருஷம் பெரிதாகி வலையில் விழ வேண்டியதை இந்த வருஷமே மலிவு விலைக்கு விற்றுவிடுகிறோம். படகு உரிமையாளர் கணக்கில் சங்காயம் வரவு. அதே கடலில் வலை விடும் நாட்டுப்படகுக்காரருக்கு அது செலவு, ஆனால் எந்த நோட்டிலும் அந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை.

இந்தப் பக்கம் மீன் குறைந்ததால் படகுகள் எல்லை தாண்டுகின்றன. 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு கை மாறியதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் இலங்கை 2017-ல் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அடுத்த வருஷமே வெளிநாட்டுப் படகுக்கான அபராதத்தையும் பல மடங்கு ஏற்றியது. அந்தக் கரையில் வலை விடுகிறவரும் தமிழ் மீனவர்தான், போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர். படகு அங்கே பிடிபட்டால் ஆள் சில மாதத்தில் வரலாம், படகு வருவது அரிது. படகு போனாலும் கடன் இங்கேயே நிற்கும். முதல் கேள்விக்கு இதைவிட மோசமான பதில் இந்தக் கரையில் வேறு தொழிலில் இல்லை.

அடுத்தது சூரை மீன் (டியூனா) பிடிக்கப் போகும் சூரைப் படகு. 2017 ஜூலை 27 அன்று, பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் திறந்த அதே நாளில், பிரதமர் இராமேஸ்வரத்தில் தொடங்கி வைத்த திட்டம் இது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, தூண்டிலும் செவுள் வலையும் கொண்ட ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்போதைய கணக்கில் படகு மதிப்பு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், கையிலிருந்து 10 சதவீதம். அதாவது நீங்கள் 8 லட்சம் போட்டு 16 லட்சம் கடன் எடுத்தால் படகு உங்களுக்கு. 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவது நோக்கம். அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூடத் திட்டம் போகவில்லை.

காரணம் சோம்பல் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். இராமேஸ்வரத்து ஆள் கடலுக்குப் போய் மறுநாள் கரைக்கு வருகிறவர். சூரைக்குப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்க வேண்டும். தூண்டிலில் இரை மாட்டுவது முதல் மீனைச் செவுள் எடுத்து, இரத்தம் வடித்து, ஐஸில் அடுக்குவது வரை அது வேறு தொழில். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்துக்காரர்கள் அதைத் தலைமுறையாகச் செய்து கற்றவர்கள். நம் ஆள் அதைப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் கற்கிற மாதங்களில் தவணை நிற்காது. வடகடலில் சூரைக்கான ஆழமும் கிடையாது, தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தென்கடல் கரையிலுள்ள மூக்கையூரில் துறைமுகம் கட்டியிருப்பது ஓரளவு உதவும். ஆனால் வீடு ஒரு கரையில், படகு ஒரு கரையில் என்று ஆகிவிடும்.

கடல் பக்கத்திலிருந்து பார்த்தால் சூரைப் படகு நல்லதுதான். அடித்தரையைத் தொடாது, சங்காயம் கிடையாது. பணத்தின் பக்கம் மட்டும்தான் எனக்குப் பயம். மானியம் படகு விலைக்கு வருகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஆகும் டீசல், ஐஸ், சாப்பாடு, இரை ஆகியவற்றை வியாபாரியிடம் முன்பணமாக வாங்குகிறோம். முன்பணம் வாங்கியவருக்குத்தான் மீனைப் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. நான்கைந்து குடும்பம் சேர்ந்து, தூத்தூர் பக்கத்திலிருந்து அனுபவமுள்ள ஒரு ஓட்டுநரைச் சம்பளத்துக்கு வைத்து, பயணச் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க முடிந்தால் போங்கள். தனிக் குடும்பமாக வேண்டாம்.

கடல் கூண்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் கடல் விரால் (கோபியா) குஞ்சை இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொரிக்க வைத்தார்கள், அது பெரிய சாதனை. ஆறு மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கூண்டில் விட்டு ஏழெட்டு மாதம் தீனி போட்டால் மூன்று கிலோ வரை வரும், விலையும் நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் கூண்டை ஒதுக்கிக் கட்டலாம், வேண்டாமென்றால் கரைக்கே இழுத்துவிடலாம். இரண்டாவது கேள்வியில் தேறிவிடுகிறது. இடிப்பது தீனியில்தான். பல இடங்களில் கூண்டு மீனுக்குப் போடுவது அதே சங்காயம். ஒரு கிலோ விரால் தேற அதைப்போல் பல மடங்கு சின்ன மீன் வேண்டும். விசைப்படகை விட்டுவிட்டுக் கூண்டு போட்டவர், காலையில் துறைக்குப் போய் விசைப்படகு இறக்கும் சங்காயத்துக்காகக் காத்திருப்பார். தொழிற்சாலைத் தீவனம் போட்டால் அந்தச் சிக்கல் குறையும், ஆனால் செலவு ஏறும். நோய் வந்தால் ஒரே வாரத்தில் மொத்தமும் போகும். ஆகவே குழுவாக, காப்பீட்டோடு, தீவனத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

இனி பாசி. இதில்தான் நம் கரையின் பெண்கள் இருக்கிறார்கள், இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பாசி என்றால் ஒன்று இல்லை, இரண்டு தொழில். ஒன்று, நம் கடலிலேயே விளையும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை ஆகியவற்றை மூழ்கிப் பறிப்பது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையோடு பாறையைப் பிடித்து மூச்சடக்கும் வேலை. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் என்ற கூழ்ப்பொருள் காய்ச்சப் போகின்றன. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வந்தபின் பறிக்கப் போகிற பெண்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி தீரவே இல்லை. அந்த இழுபறியின் நடுவிலும் அந்தப் பெண்கள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது, வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுப்பது, கோடையில் மீன்பிடித் தடை நாட்களில் தாங்களும் நிறுத்துவது. இதற்காகச் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்தது. திட்ட அறிக்கை எழுதுகிற யாரும் யோசிக்காத வரியை, அதாவது கடலுக்கு விட வேண்டிய ஓய்வை, அவர்கள் தங்கள் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் புதிதாக ஒரு குடும்பத்தை இந்தப் பறிப்புத் தொழிலுக்கு நான் அனுப்ப மாட்டேன். இருக்கிற பாறையும் இருக்கிற கைகளும் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன.

இன்னொன்று மிதவையில் வளர்ப்பது. இங்கே வளர்ப்பது பெரும்பாலும் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, பிலிப்பைன்ஸ் பக்கத்துச் செடி. மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் பழக்கப்படுத்தியது, 2000-ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் ஊர் ஊராகப் பரப்பியது. ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக நிற்க உதவும் கராஜீனன் இதிலிருந்து வருகிறது.

ஒரு மிதவையின் கணக்கை இங்கே போட்டுவிடலாம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், குறுக்கே 20 கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் 20 துண்டு. ஒரு துண்டு 150 கிராம், ஆக 60 கிலோ விதை. மிதவைக்கு அடியில் ஒரு வலை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும். 45 நாளில் அது நான்கு மடங்குக்கு மேல் பெருகி 260 கிலோ வரை நிற்கும். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு எடுத்துவிட்டால் மீதி 200. வெயிலில் காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 கிலோ. ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் தினம் ஒன்று அறுத்து, தினம் ஒன்று கட்டலாம். அப்படியானால் ஒரு நாள் வேலைக்கு 20 கிலோ காய்ந்த பாசி. அதை உங்கள் ஊரில் இன்றைக்குக் கொடுக்கிற விலையால் பெருக்குங்கள், வாடை மாதங்களைக் கழியுங்கள், அதுதான் நிஜ வருமானம். வருஷம் முழுக்க 45 மிதவையும் நிற்கும் என்று யாராவது தாளில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகடல் கொந்தளிக்கும், மிதவை அறுத்துக்கொண்டு கரை ஒதுங்கும். சித்திரை வைகாசியில் தண்ணீர் அசையாமல் சூடேறி, செடியின் கணுக்கள் வெளுத்து உதிரும். 2013-க்குப் பிறகு அப்படித்தான் கூட்டமாகச் செத்து, விதைக்குக்கூட இல்லாமல் பல ஊர்களில் தொழிலே படுத்தது.

பணத்தின் பக்கம் இதில் எனக்குப் பிடித்தது, சிறிதாக ஆரம்பிக்கலாம் என்பது. பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம், பொதுப் பிரிவு ஆண்களுக்கு 40. பத்து மிதவை போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் மூங்கிலை அடுப்புக்குப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், வட்டி கழுத்தை நெரிக்காது. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று செய்யக்கூடிய வேலை, காசும் அவர்கள் கைக்கே வருகிறது. திருவாடானை பக்கம் வளமாவூரில் சுமார் 127 கோடியில் கடற்பாசிப் பூங்கா என்று அறிவித்து 2023-ல் அடிக்கல் நாட்டியிருப்பதால், விதையும் பதப்படுத்தும் வசதியும் ஊர்ப்பக்கமே வரும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது.

ஆனால் இரண்டாவது கேள்விக்கு வரும்போது இந்தச் செடி தடுமாறுகிறது. இதற்கு விதையோ பூவோ வேண்டாம், உடைந்த துண்டே போதும், ஒட்டிய இடத்தில் வளரும். மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவில் இது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியிருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கையால் பிடுங்கினாலும் இடுக்கில் ஒரு துண்டு தங்கினால் திரும்பவும் வந்துவிடுகிறது. 2010-லும் 2016-லும் கடல் சூட்டில் வெளுத்துத் தவித்த பவளம் அது, அதன் மேல் இந்தப் போர்வை வேறு. மன்னார் வளைகுடாவுக்குள் வளர்க்க வேண்டாம், பாக் விரிகுடாவின் வடக்குப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் போட்டுக்கொள்ளலாம் என்று 2005-லேயே அரசாணை வந்தது நல்ல முடிவு. பாம்பன் கால்வாய் வழியே இரண்டு கடலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. பாம்பனுக்கு ஒட்டினாற்போல் மிதவை போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். தொண்டிப் பக்கமாக, பவளம் இல்லாத மணல் தரைக்கு மேல், கடற்புல்லுக்கு நிழல் விழாதபடி தள்ளிப் போட்டால் ஒப்புக்கொள்ளலாம்.

இதே மிதவையில் கஞ்சிப்பாசியை வளர்க்கலாம். வளர்ச்சி மெதுவு, மகசூலும் குறைவு. ஆனால் அறுந்து போனாலும் அது தன் சொந்த வீட்டுக்குத்தான் போகிறது, யாரையும் கெடுக்காது. மானியத்தை இரண்டு பாசிக்கும் ஒரே அளவில் கொடுப்பதற்குப் பதில், சொந்தப் பாசி வளர்க்கிறவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மகசூல் வித்தியாசத்தை ஈடுகட்டலாம். இப்போதுள்ள நிலையில் வேகமாக வளர்வதற்குத்தான் பணம் போகிறது. சங்காயத்தில் நடந்தது இங்கேயும் நடக்கிறது. கடலுக்கு ஆகும் செலவைக் கணக்கில் எடுக்காதபோது, கெடுக்கிற தொழில்நுட்பம் எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

கடைசியாக நாட்டுப்படகு. இதைத் திட்ட அறிக்கையில் யாரும் பெரிதாக எழுதுவதில்லை, புதுமை இல்லையே. ஃபைபர் வள்ளம், சின்ன இன்ஜின், நண்டு வலை. வடகடலின் ஓலக்கால் நண்டுக்கு அமெரிக்காவரை சந்தை இருக்கிறது. கரையில் நண்டு உடைத்துச் சதை எடுக்கும் வேலை நிறையப் பெண்களுக்குச் சோறு போடுகிறது. வலை தரையில் படுத்திருக்கும், தரையை உழாது. சிறுசு விழுந்தால் உயிரோடு விட்டுவிடலாம். சினை நண்டு கிடைத்தால் தொட்டியில் வைத்துக் குஞ்சைக் கடலில் விட்டபின் விற்கிற ஊர்களும் உண்டு, எல்லா ஊரும் செய்ய வேண்டிய காரியம். குறை இல்லாமல் இல்லை. நண்டு வலை சீக்கிரம் கிழியும். கிழிந்ததைக் கடலிலேயே விட்டால் அது வருஷக்கணக்கில் சும்மா பிடித்துக்கொண்டே கிடக்கும். பழைய வலையைக் கரைக்குக் கொண்டுவந்து எடைக்குப் போடுகிற பழக்கம் வந்தாக வேண்டும். வருமானம் விசைப்படகின் நல்ல நாளோடு போட்டி போடாது, ஆனால் கெட்ட நாளில் படுக்கவும் வைக்காது.

சரி, எதை எடுப்பது? விசைப்படகுக் கடன் பாக்கி இருக்கிற குடும்பம் முதலில் அதை அடைக்க வேண்டும். அதன் மேல் இன்னொரு பெரிய கடன் ஏற்றிச் சூரைப் படகுக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை. கடன் இல்லாமல் சில லட்சம் கையில் உள்ளவருக்கு என் பதில், ஒரு நாட்டுப்படகு அல்லது அதில் பாதிப் பங்கு, அதோடு வீட்டுப் பெண்கள் பெயரில் பத்துப் பதினைந்து மிதவை. ஒன்று படுக்கிற மாதத்தில் மற்றொன்று கொஞ்சமாவது நிற்கும். மிதவையில் பாதியாவது கஞ்சிப்பாசியாக இருந்தால் நான் இன்னும் சந்தோஷப்படுவேன். பையன் கடலிலேயே இருக்க விரும்பினால் கூண்டு வேலையை வேறொருவர் குழுவில் ஒரு பருவம் சம்பளத்துக்குச் செய்து பார்க்கட்டும், அப்புறம் முதல் போடலாம்.

மிதவைக்குப் போகிறவர்கள் கம்பெனியோடு செய்யும் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று விஷயம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். காய்ந்த பாசிக்கு எந்த அளவு ஈரம் வரை முழு விலை, மண்ணுக்கும் உப்புக்கும் கிலோவுக்கு எவ்வளவு கழிப்பார்கள், கோடையில் மொத்தமாகச் செத்தால் மறு விதை யார் செலவில். முதல் இரண்டும் பெரும்பாலும் இருக்கும். மூன்றாவது இல்லையென்றால் மே மாத நஷ்டம் முழுக்க அக்கா தங்கைகள் தலையில்தான் விழும், ஆகவே அந்த வரியைச் சேர்க்கும்வரை விதையை வாங்காதீர்கள்.